வெளியே போனவள் உள்ளே வரலாம்

ஜனவரி 2, வியாழன்

தினமும் என்ன வேலை செய்தேன், எப்போது சோர்வு வந்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஆஸ்பத்திரி சிஸ்டர். எழுதினால் போய்விடுமா என்று கேட்டேன். "போவாதும்மா. எப்ப வருதுன்னாவது தெரியும்ல" என்றார். நான் என்ன, சோர்வுக்கு ஸ்கோரரா? ஆனாலும் மளிகைக் கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

கட்டி வந்து இடது மார்பை எடுத்து, கீமோ, கரண்டு சிகிச்சை எல்லாம் முடிந்து நாலு வருடம் ஆகிவிட்டது. ராத்திரி ஒரு மாத்திரை மட்டும்தான் பாக்கி. இன்றைக்கும் ரத்தம், ஸ்கேன் எல்லாம் நார்மல். டாக்டர் அம்மா சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். "இது மனப்பிரமை இல்லம்மா, சோம்பேறித்தனமும் இல்ல. இந்த சிகிச்சை முடிஞ்ச நிறையப் பேருக்கு சோர்வு வருஷக்கணக்கா தங்கிடுது. தினம் கொஞ்சம் நடங்க, வேலையப் பிரிச்சுச் செய்யுங்க, வீட்ல சொல்லுங்க" என்றார். எனக்கு அப்படியொன்றும் பெரிதாக இல்லை என்றேன்.

வெளி பெஞ்சில் பக்கத்தில் இருந்த மணப்பாறைக்கார அம்மா, "குளிக்கறப்ப பாதியில உக்காந்துர்றேன் அக்கா, உங்களுக்கும் அப்படியா?" என்று கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊர் பேர் தெரியாதவளிடம் என் குளியலைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?

என் வீட்டுக்காரர்தான் கூட வந்தார். திரும்பும் வழியில் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 4, சனி

பிலோமினா அக்கா போன்! குரலைக் கேட்டதுமே எனக்கு வயது இருபத்துமூன்று.

எங்கள் மைதானத்துக்கு ஐம்பதாவது ஆண்டாம். குடியரசு தினத்தன்று காலையில் கொடியேற்றம் முடிந்ததும் இப்போதைய பெண்கள் டீமுக்கும் பழைய பெண்கள் டீமுக்கும் ஒரு வாலிபால் மேட்ச். ஒரே செட். "நீ இல்லாம என்னடி டீமு? பந்த யாரு தூக்கிக் குடுப்பா?" என்றார் அக்கா. "வர்றேன்க்கா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

நான் லிஃப்டர். பின்னால் இருந்து வரும் பந்தை விரல் நுனியில் வாங்கி, வலைக்கு மேலே பூ மாதிரித் தூக்கிக் கொடுப்பவள். அடிக்கிறவளுக்குத்தான் கைத்தட்டல். ஆனால் நான் தூக்காவிட்டால் அவள் காற்றைத்தான் அடிக்க வேண்டும்.

விளையாட்டு கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்து லால்குடியில் இருந்து பொன்மலைக்கு ஒரு தகரப்பெட்டியோடு வந்தேன். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் சேலையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓட்டம். பேன்ட் போட்ட பொம்பளைகளைப் பார்க்க வேலியோரம் ஒரு கூட்டம் நிற்கும். எங்கள் கோச் மரியதாஸ் மாஸ்டர் ஒரு குண்டானில் எலுமிச்சைச் சாறு கரைத்து வைத்திருப்பார், உப்பு போட்டு. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அடடா, என்ன ஓட்டம், என்ன பசி! இரண்டு மணிநேரம் ஆடிவிட்டு ஹாஸ்டலில் துணி துவைத்து, சினிமாவுக்கும் நடந்தே போவோம். அந்தக் கால்கள் யாருடையவை?

இவர் பேப்பருக்கு மேல் கண்ணை உயர்த்திப் பார்த்தார். "வர்றேன்னு சொல்லிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். பேப்பருக்குள் போய்விட்டார்.

ஜனவரி 5, ஞாயிறு

பொன்மலைச் சந்தைக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். ஒரு வருடமாக இவர் தனியாகத்தான் போய் வருகிறார், முற்றின வெண்டைக்காயாக அள்ளிக்கொண்டு வருகிறார். வெங்காயக் கடை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கடைக்காரன் சொன்ன விலை காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. கேட்டதையே மறுபடியும் கேட்டேன்.

நல்லவேளை, இவருக்கு முட்டிவலி வந்துவிட்டது. "என்னால நடக்க முடியாது, ஆட்டோவுல போவோம்" என்றார். அறுபத்தாறு வயதாகிறது, இன்னும் மருத்துவரிடம் முட்டியைக் காட்டாமல் இழுத்தடிக்கிறார். நல்லா திட்டிவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

தலை சீவினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 8, புதன்

தூங்கி எழுந்தால் போய்விடுகிற களைப்பு எனக்குத் தெரியும். அதோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அது நல்ல களைப்பு, குளித்தால் இறங்கிவிடும். இது அது இல்லை. மேல் தொட்டியை நிரப்பி வைத்தாலும் குழாயில் நூலாக வருமே தண்ணீர், அந்த மாதிரி. காரணமும் கிடையாது, நேரமும் கிடையாது.

சிஸ்டருக்காக எழுதினேன். இதற்கு மேல் கேட்கக்கூடாது.

ஜனவரி 10, வெள்ளி

கொல்லைச் சுவரில் பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். விரல்கள் மறக்கவில்லை. இடது கை உறையைப் போட்டுக்கொண்டுதான் செய்தேன், அக்குளில் நெறிக்கட்டி எடுத்ததில் இருந்து அந்தக் கை வீங்கும். கொஞ்ச நேரம்தான். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, ஆடின மேட்ச்சுகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறைகூட என்னை யாரும் வெளியே எடுத்ததில்லை. வாலிபாலில் ஆள் மாற்றுவதை நாங்கள் 'சேஞ்ச்' என்போம். மாஸ்டர் இரண்டு முன்கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டிக் காட்டுவார், உள்ளே இருப்பவள் வெளியே வரவேண்டும். குண்டக்கல்லில் ஒரு போட்டி. எனக்குக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல். மாஸ்டர் கையை உருட்டுவது தெரிந்தால்தானே போகவேண்டும்? அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூச்சு வாங்கினால் ஷூ லேஸைக் கட்டுவது மாதிரிக் குனிந்துகொள்வேன். ஜெயித்த பிறகுதான் விழுந்தேன். சேஞ்சில் வெளியே போவது எங்கள் காலத்தில் பெரிய மானக்கேடு.

அந்த வருடம்தான் திருச்சி லீக்கில் ஒரு ஒல்லி ரெஃபரி என் பந்துக்கு விசில் ஊதி, டபுள் டச், பந்து இரண்டு முறை கையில் பட்டது என்றார். பாயிண்ட் போயிற்று, கோப்பையும் போயிற்று. மறு வருடம் அந்த ஆள் பெண் கேட்டு வந்து நின்றார். நம்மைத் தப்பாக ஊதினவனை வாழ்நாள் முழுக்க விசாரிக்கலாம் என்றுதான் கட்டிக்கொண்டேன். சிதம்பரநாதன் இன்று வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அது டபுள் டச் இல்லை.

அடுப்படியில் உயரமான ஸ்டூல் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பரணில் சாமான் எடுக்கவாம். பரண் இருப்பது ஹாலில்.

ஜனவரி 13, திங்கள், போகி

பழைய துணி கழித்தபோது நீல ஜெர்சி கிடைத்தது. எண் நாலு. முகர்ந்து பார்த்தேன், ரசகற்பூர உருண்டை வாசம்தான் அடித்தது. மண்ணும் வியர்வையும் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, பைத்தியக்காரி.

ஓசூரில் இருந்து மகள் இளவேனில் பேசினாள். "அம்மா, சோர்வா இருக்கா?" "சோர்வா? எனக்கா? வீட்ட ஒட்டடை அடிச்சிட்டு இப்பதான் உக்காந்தேன்" என்றேன். ஒட்டடை அடித்தது இவர்.

போன வருடம் ஒரு நாள் வாய் தவறி "ரொம்ப அசதியா இருக்குடி" என்றுவிட்டேன். விடியுமுன் பஸ் ஏறி வந்துவிட்டாள். திரும்ப வந்துவிட்டதோ என்று ஸ்கேன், அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட். ரிப்போர்ட் வரும்வரை இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்ததும் இவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். எனக்குக் கேட்டது. அன்றோடு அந்த வார்த்தையை நான் இந்த வீட்டில் சொல்வதில்லை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

வாசலில் பெரிய கோலமாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. பால் பொங்கிவிடும் என்று சாக்குச் சொல்லி உள்ளே போய்ச் சுவரோடு சாய்ந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மீதிப் பாதியை இவர் போட்டு முடித்திருக்கிறார்! நெளிவு ஒன்றுகூட இல்லை, எல்லாம் நேர்கோடு. நடுவில் ஒரு கோடு, பக்கத்துக்கு ஒரு கோடு. அசல் வாலிபால் கோர்ட். எதிர்வீட்டு அம்மா, "வலை கட்டலையா சார்?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பொங்கல் நன்றாகப் பொங்கியது. முந்திரி கொஞ்சம் கருகியது.

ஜனவரி 19, ஞாயிறு

பயிற்சி. எல்லாரையும் பார்த்தேன்! பிலோமினா அக்காவுக்கு முடி பஞ்சாகிவிட்டது, அதட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது. நூர்ஜஹான், எங்கள் இடிமுழக்கம், இரண்டு முட்டிக்கும் பட்டை போட்டுக்கொண்டு வந்தாள். "ஏய் குமுதா, நீ தூக்கு, நான் அடிக்கறேன், விழுந்தா ஆளுக்கொரு பக்கமா தூக்கிட்டுப் போங்கடி" என்றாள். வேப்பமரத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். வேலி இருந்த இடத்தில் சுவர். அந்தச் சுவரைத் தாண்டி ரயில் போகிற சத்தம் மட்டும் பழைய சத்தம்.

நாலைந்து பந்து அருமையாகத் தூக்கினேன். ஆறாவதற்குக் கைகள் மேலே போக மறுத்தன. வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. யாரோ மெயின் சுவிட்சை அணைத்த மாதிரி. "கேஸ் சிலிண்டர் வரும், நான் போறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எந்த ஊர்லடி சிலிண்டர் வருது?" என்றாள் நூரு.

அழைத்துப்போக வந்த இவர், "நான்தான் சொல்லி வெச்சிருக்கேன், சிலிண்டர் பையன் வர்றேன்னான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காது மடல் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்போடு படுத்தேன். விழித்தபோது செருப்பு காலில் இல்லை, சாயங்காலம் ஆகியிருந்தது.

ஜனவரி 22, புதன்

இன்று பெரிய சண்டை.

பிலோமினா அக்கா போனில், "நம்ம பழைய சந்திரமதியையும் வரச் சொல்லிட்டேன்டி, உனக்கு மாத்தா இருப்பா. உங்க வீட்டு சார்தான் கேட்டுக்கிட்டாரு" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. போனை வைத்துவிட்டு இவரிடம் திரும்பினேன்.

"என்னை வெளிய எடுக்க நீங்க யாரு? மாஸ்டரே எடுத்ததில்ல!" என்று கத்தினேன்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார். "நாலு வருஷமா பாத்துட்டிருக்கேன் குமுதா. மாடிப்படியில மூணாவது படியில நின்னு, மல்லிக்கொடியப் பாக்கற மாதிரி சுவத்தப் பிடிச்சுக்கற. அந்தக் கொடி காஞ்சு ஆறு மாசம் ஆச்சு. குளிக்கப் போனா பாதியில தண்ணிச் சத்தம் நின்னுடுது. நான் வெளிய நின்னு எண்ணிட்டிருக்கேன், எப்ப திரும்ப ஊத்துவன்னு. லைன்ல கால் படுதா, கையில பந்து ரெண்டு தடவ படுதான்னு பாத்தே வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"அப்ப முட்டிவலி?"

"எனக்கு எந்த முட்டியும் வலிக்கல."

ஸ்டூல், சந்தை, ஒட்டடை, கோலம். ஒவ்வொன்றாக மனசில் வந்து விழுந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். "எனக்கு முடியலங்க" என்றேன். "காலையில கண்ண முழிக்கும்போதே முடியல. தோசைக் கரண்டி கனக்குது. சொன்னா நீங்க ரெண்டு பேரும் என்னைப் பொணத்தப் பாக்கற மாதிரி பாக்கறீங்க. அதுக்குப் பயந்துதான் சொல்லல. நான் எப்படி இருந்தவ தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமயா பொண்ணு கேட்டு வந்தேன்?" என்றார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், சம்மணம் போட்டு. முட்டி நன்றாகத்தான் மடங்குகிறது. "நோய் வேற, சோர்வு வேறன்னு அந்த டாக்டரம்மா எத்தன தடவ சொன்னாங்க. நாங்கதான் ரெண்டுக்கும் ஒரே விசில ஊதிட்டோம். தப்புதான்."

அப்புறம் ரெஃபரிக் குரலில் ஆரம்பித்தார். "சேஞ்சுல வெளிய போனா மேட்ச் முடிஞ்சுதா? வெளிய போனவ அதே செட்டுல ஒரு தடவ திரும்ப உள்ள வரலாம். தன்னோட அதே இடத்துக்கு. ரூல் தெரியாதா உனக்கு?"

தெரியும். எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

ஜனவரி 25, சனி

நாளைக்காக இன்று ஓய்வு. சமையல் இவர். ரசத்தில் புளி அதிகம்.

நீல ஜெர்சி உள்ளே போகவில்லை, எல்லாருக்கும் புதுசு தைத்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் தட்டையாகத் தொங்குகிறது. பஞ்சு வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், குதிக்கும்போது நகரும். பந்து என் மார்பைப் பார்த்து வருவதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

எழுதியே ஆகவேண்டும், கை வலித்தாலும்.

கொடியேற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். ரெஃபரி யார்? எங்கள் வீட்டு ஆசாமிதான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கழுத்தில் அதே பழைய விசில். வலையோரத்து உயரமான மேடையில் ஏறி நின்றதும் ஒல்லி வாலிபன் ஞாபகம் வந்துவிட்டது. வயிறு மட்டும் உபரி.

இந்தக் காலத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியும் பனைமரம். எங்களுக்காக மெதுவாகப் போட்டார்கள். "பூப்போட்டு ஆடாதீங்கடி, ஒழுங்கா அடிங்க!" என்று நான்தான் கத்தினேன். அடித்தார்கள். பாயிண்ட் பறந்தது. அப்புறம் பிலோமினா அக்கா ஒரு பந்தை முட்டிபோட்டு எடுத்தார், அது நேராக என் தலைக்கு மேல் வந்தது. எப்படித் தூக்கினேன் என்று கேட்டால் தெரியாது. விரல்களுக்குத் தெரிந்தது. நூரு மூன்றடி ஓடி வந்து, பட்டை போட்ட முட்டியோடு எழும்பி அடித்தாள் பாருங்கள், அந்தப் பக்கம் ஒருத்தியும் அசையவில்லை. "குமுதா! நூரு!" என்று யாரோ கிழவர் கூட்டத்தில் இருந்து கத்தினார். அன்று வேலியோரம் நின்றவராக இருக்கும். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த ஒன்றுக்காக நாலு வருடத்தையும் இன்னொரு தடவை தாங்கலாம் என்று தோன்றியது.

அடுத்த இரண்டு பாயிண்டில் சுவிட்ச் அணைந்தது.

பழக்கதோஷம், ஷூ லேஸைக் கட்டக் குனிந்தேன். லேஸ் கட்டித்தான் இருந்தது. குனிந்தபடியே பெஞ்சைப் பார்த்தேன். கையை உருட்டுவதற்கு மரியதாஸ் மாஸ்டர் இல்லை, அவர் போய்ப் பல வருடமாயிற்று. சந்திரமதி மட்டும் உட்கார்ந்திருந்தாள், என்னையே பார்த்துக்கொண்டு. நான் நிமிர்ந்தேன். இரண்டு முன்கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக, நானே உருட்டினேன். சேஞ்ச்.

ரெஃபரி என்னைப் பார்க்கிறார். விசில் வாயில் இருக்கிறது. ஊதவில்லை!

"என்னங்க? சேஞ்ச் கேக்கறேன்ல?"

"கோச் கேக்கணும், இல்லன்னா கேப்டன் கேக்கணும். பிளேயர் கேட்டா ஊத முடியாது" என்கிறார், மேடை மேல் நின்றுகொண்டு, கட்டின பெண்டாட்டியிடம். மைதானம் மொத்தமும் சிரிக்கிறது. எனக்குக் கால் நடுங்குகிறது, சிரிப்பும் வருகிறது.

பிலோமினா அக்கா கையை உருட்டிக்கொண்டே போட்டார் ஒரு சத்தம்: "யோவ் ரெஃபரி, நான்தான்யா கேப்டன்! ஊதுய்யா!"

ஊதினார். சந்திரமதி கோட்டோரம் வந்து இரண்டு கையையும் நீட்டினாள், தட்டிவிட்டு வெளியே வந்தேன். ஒரு மானமும் போகவில்லை. யாரோ எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், சர்க்கரை அதிகம், உப்பே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் டீமைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் வெளியில் இருந்து பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகாக ஆடுகிறார்கள், என் கிழவிகள்! நான் இல்லாமலும் பந்து மேலே போயிற்று. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் மூச்சுவிட முடிந்தது.

கடைசியில் தோல்வி நிச்சயமான பிறகு அக்கா மறுபடியும் கையை உருட்டினார். சந்திரமதி வெளியே, நான் உள்ளே, என் அதே இடத்துக்கு. ஒரு பந்து தூக்கினேன். நூரு அதை வலையில் அடித்துவிட்டாள். தோற்றோம்.

வீட்டுக்கு வந்து, "அன்னிக்கு டபுள் டச் இல்லைன்னு இப்பவாவது சொல்லுங்க" என்றேன். "ரெண்டு தடவ பட்டுச்சு" என்றார். மனுஷனா இவர்?

ஜனவரி 28, செவ்வாய்

நேற்றும் இன்றும் படுக்கை. எதிர்பார்த்ததுதான். இளவேனில் பேசினாள். "ஆமாடி, சோர்வா இருக்கு. நாலு வருஷமா இருக்கு. இது அது இல்ல. பஸ் ஏறாத. தினம் போன் பண்ணு, கேட்டுக்கோ, அது போதும்" என்றேன். அப்புறம், "இன்னிக்கு எவ்வளவும்மா?" என்றாள். தலை சீவும் அளவு என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

சிஸ்டர் டைரியைப் புரட்டிவிட்டு, "சோர்வ எழுதச் சொன்னா வாலிபால எழுதியிருக்கீங்களேம்மா" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். மணப்பாறை அம்மா பெஞ்சில் இருந்தார். நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானும் குளிக்கறப்ப பாதியில உக்காந்துருவேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடச் சொன்னேன், உயரமாக.

ராத்திரிக்குத் தோசை. நாலாவது வார்க்கும்போது கரண்டி கனத்தது. ஹாலைப் பார்த்து இரண்டு கையையும் உருட்டினேன். பேப்பருக்குப் பின்னால் இருந்து, "கேப்டன் கேக்கணும்" என்று குரல்.

"இந்த வீட்டுக்கு யாருங்க கேப்டன்?"

வாயாலேயே ஒரு விசில் ஊதிவிட்டு எழுந்து வந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓரம் பிய்ந்து, நடுவில் கருகி, அவர் வார்த்ததை எல்லாம் தட்டில் வாங்கிக்கொண்டேன்.

கடைசித் தோசைக்கு நான் மறுபடியும் உள்ளே போனேன்.